பிரேக் ஆயில் எண்ணெய் அல்ல

2025 ஜனவரி 7 அன்று துபாய் பந்தயத் தடத்தில் பயிற்சியின்போது நடிகர் அஜித் குமாரின் கார் தடுப்பில் மோதிச் சுழன்ற காட்சி, சில மணி நேரத்திற்குள் தமிழ்நாட்டின் கைபேசிகளையெல்லாம் எட்டிவிட்டது. பிரேக் செயலிழந்ததே காரணம் என்று அவரது அணி பின்னர் அறிவித்தது. அவர் தப்பினார், அதே வாரம் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் அணி தன் பிரிவில் மூன்றாம் இடமும் பெற்றது. நாமும் மகிழ்ந்தோம். அந்த விபத்தைத் திரவத்தின் தலையில் கட்டுவது நம் நோக்கமன்று. ஆனால் பந்தய மோகம் பரவும் வேகத்தில் ஒரு தவறான நம்பிக்கையும் கூடவே பரவுகிறது. சீர்காழி, மயிலாடுதுறைப் பக்கத்தில் வேகக் கார் வைத்திருக்கும் இளைஞர் சிலர் விலையுயர்ந்த 'ரேசிங் பிரேக் ஆயில்' வரவழைத்து ஊற்றிவிட்டு, இனி அஞ்ச வேண்டியதில்லை என்று பூம்புகார்ச் சாலையில் பறக்கிறார்கள். அஞ்ச வேண்டிய இடமே அதுதான் என்பது நம் கருத்து.

இலக்கியம் பேசும் இடத்தில் இது எதற்கு என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒரு விடை உண்டு: சிக்கல் சொல்லிலிருந்தே தொடங்குகிறது. நம் ஊர்ப் பட்டறைகளில் அதன் பெயர் 'பிரேக் ஆயில்'. அது எண்ணெய் அல்ல. கிளைக்கால் வகை வேதித் திரவம். அந்தப் பெயருக்கு ஒரு பழைய நியாயம் இருக்கிறது. 1921இல் அமெரிக்காவின் ட்யூசன்பெர்க் நிறுவனம் நான்கு சக்கரங்களிலும் நீரழுத்த பிரேக் கொண்ட காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தத் தொடக்க காலத் திரவங்களில் ஆல்கஹாலோடு நம் ஆமணக்கெண்ணெயும் கலந்திருந்தது. ஆமணக்கு போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. பெயரை நம்பி யாரேனும் அவசரத்திற்கு எஞ்சின் ஆயிலைச் சிறிது ஊற்றினால், பிரேக்கினுள் இருக்கும் ரப்பர் வளையங்கள் ஊதிப் பெருத்து, முழு அமைப்பும் பாழாகும்.

திரவத்தின் வேலை எளியது. காலின் அழுத்தத்தை நான்கு சக்கரங்களுக்கும் கொண்டுசேர்க்க வேண்டும். திரவம் அமுங்காது என்பதால் இது நடக்கிறது. ஆனால் வட்டும் பட்டையும் உரசிப் பிறக்கும் வெப்பத்தில் திரவம் கொதித்துவிட்டால் குழாயில் ஆவிக் குமிழிகள் தோன்றும், ஆவியோ அமுங்கும். மிதித்த பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. இன்னும் கொடுமை, ஆறியபின் ஆவி மீண்டும் திரவமாகிவிடும். பட்டறையில் சோதிக்கும்போது பிரேக் நன்றாகவே பிடிக்கும். குற்றவாளி தடயமின்றி மறைந்துவிடுகிறான்.

புட்டியின் மேல் இருக்கும் 'டாட்' என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறைப் பெயரின் முதலெழுத்துகள். அத்துறையின் விதிப்படி, புதிய டாட் 3 திரவத்தின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்; டாட் 4க்கு 230; டாட் 5.1க்கு 260. ஆனால் அதே விதியில் இரண்டாவது வரிசை ஒன்றும் இருக்கிறது. ஏறக்குறைய 3.7 விழுக்காடு நீர் கலந்தபின் இருக்கவேண்டிய 'ஈரக் கொதிநிலை' அது: முறையே 140, 155, 180. கடைக்காரர் சொல்வது முதல் வரிசை. நம் உயிரைக் காப்பது இரண்டாவது.

ஏனெனில் கிளைக்கால் திரவம் நீரை உறிஞ்சும் இயல்புடையது. ரப்பர் குழாய்களின் ஊடாகவும், கலத்தின் மூடி வழியாகவும் காற்றின் ஈரம் நாள்தோறும் உள்ளே கசிகிறது. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இது நடக்கும். காவிரி கடலோடு கலக்கும் பூம்புகாரின் காற்றைச் சொல்லவேண்டியதில்லை. வெளியில் வைத்த உப்பு கசிந்து நீராகும் ஊரில், மூடித் திறந்த புட்டியில் எஞ்சிய திரவத்தை அடுத்த ஆண்டுக்கென்று பத்திரப்படுத்துவது அறியாமை.

பந்தயத் திரவங்களின் புதுநிலைக் கொதிநிலை 300 டிகிரியையும் தாண்டும் என்பது உண்மை. அவற்றின் இடம் இருங்காட்டுக்கோட்டைத் தடமும், கோவையின் கரி மோட்டார் ஸ்பீட்வேயும், 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்த இரவுப் பந்தயமும் போன்றவை. அங்கே வளைவுக்கு வளைவு பிரேக் சுடுகிறது. அணியினர் திரவத்தை அடிக்கடி வடித்துப் புதிதாக நிரப்புகிறார்கள். அந்த உழைப்பே அத்திரவத்தின் பாதிப் பயன். அதை ஊற்றிவிட்டு மூன்று ஆண்டு மறந்துபோகிறவர் பாதி மருந்தை மட்டும் வாங்கியவர். போட்டிக்கென்றே செய்த திரவங்கள் சில, ரப்பரையும் உலோகத்தையும் நெடுநாள் காக்கும் நோக்கில் செய்யப்பட்டவையும் அல்ல.

டெல்டாவுக்கென்று ஒரு தனி அபாயம் உண்டு. நம் நிலம் தட்டை. பூம்புகாரிலிருந்து தஞ்சைவரை போய்வந்தாலும் பிரேக் பெரிதாகச் சூடேறாது. ஆதலால் நீர் கலந்த திரவம் தன் குறையை இங்கே காட்டுவதே இல்லை. விடுமுறையில் நண்பர்களோடு கொல்லிமலை ஏறி, 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதுதான் காட்டும். வயல்வெளியில் சேர்த்த ஈரத்திற்கு மலைச்சரிவில் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. வேகக் காருக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். வேகம் இருமடங்கானால் பிரேக் விழுங்கவேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு.

எண்களின் இன்னொரு பொறியையும் சொல்லிவிட வேண்டும். டாட் 5ம் டாட் 5.1ம் உடன்பிறப்புகள் அல்ல. டாட் 5 என்பது சிலிக்கான் திரவம், ஊதா நிறத்தது, நீரை உறிஞ்சாது. அதை நற்குணமென்று எண்ணிவிடலாகாது. உறிஞ்சப்படாத நீர் துளியாகத் தாழ்ந்த இடத்தில் தேங்கி, 100 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்புக்கும் அது ஆகாது. மற்றவற்றோடு கலக்கவும் கூடாது. 5.1 என்பதோ 3, 4இன் இனத்தைச் சேர்ந்த கிளைக்கால். ஒரு புள்ளியில் இத்தனை வேறுபாட்டை ஒளித்துவைத்த பெயரிடலை என்னென்பது!

ஆகவே எதைத் தேர்வது? முதலில் கலத்தின் மூடியையும் கையேட்டையும் பார்க்க வேண்டும். டாட் 4 என்றிருந்தால் நல்ல நிறுவனத்தின் முத்திரை உடையாத டாட் 4 போதும். இப்போதைய கார்கள் பலவற்றின் ஏபிஎஸ் அமைப்பு நீர்த்த ஓட்டத்தை வேண்டுவதால், 'கிளாஸ் 6' எனப்படும் குறைந்த பிசுபிசுப்புள்ள டாட் 4 கேட்கப்பட்டிருக்கலாம். அங்கே கெட்டியான பந்தயத் திரவம் பொருந்தாது. மலைப்பயணம் மிகுந்தவர், கையேடு இடங்கொடுத்தால், ஈரக் கொதிநிலை உயர்ந்த டாட் 5.1ஐ நாடலாம். டாட் 3 கேட்கும் வண்டியில் 4 ஊற்றலாம். மேலிருந்து கீழிறங்குவது தகாது.

எதுவாயினும், பலர் இரண்டு ஆண்டு என்று சொல்லும் கெடுவை நம் கடற்கரைக்கு ஓராண்டாகக் குறுக்கிக்கொள்வதே முறை. நிறத்தைப் பார்த்து முடிவுசெய்ய முடியாது. தேன் நிறம் மாறாத திரவத்திலும் நீர் இருக்கும். கொதிநிலையை அளக்கும் கருவி கிடைத்தால் நன்று. இல்லையேல் ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் ஓய்ந்து தை பிறந்ததும் முழுவதும் வடித்து மாற்றச் சொல்லலாம். ஒரு லிட்டர் திரவமும் அரைநாள் கூலியும்தான் செலவு.

பட்டினப்பாலை பாடிய புகாரில் குதிரைகள் கடல்வழி வந்திறங்கின. குதிரையின் விலையை மட்டும் பேசி, கடிவாளத்தை மறந்த வணிகன் அங்கே இருந்திருக்க மாட்டான். இன்று குதிரைத்திறனை நூறு நூறாக எண்ணிச் சொல்லும் நம் தம்பிகள், கடைசியாகத் திரவம் மாற்றிய மாதத்தையும் சேர்த்துச் சொல்லப் பழகட்டும்.