வாசல் தோட்டம்: பிடுங்கி நட முடியாத பூ



கடந்த சில மாதங்களாக இந்தப் பக்கத்தில் லீக்ஸ், கரட், முள்ளங்கி என்று கறிச்சட்டிக்குப் போகிறவற்றைப் பற்றியே கதைத்து வந்தோம். இம்முறை ஒரு பூவைப் பற்றி எழுதுகிறேன். அது கறிக்கு உதவாது. தலையில் வைக்கவும் ஏலாது. பறித்த கொஞ்ச நேரத்தில் இதழ் உதிர்ந்துவிடும். பெயர் பொப்பி. சிவப்பு, வெள்ளை, மஞ்சள், ரோசா நிறங்களில் கடதாசி போன்ற மெல்லிய இதழோடு பூக்கும்.

நான் அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். 1977 கலவரத்துக்குப் பின் எங்கள் குடும்பம் கிளிநொச்சிப் பக்கம் போனது. அங்கே வளர்ந்து, கல்யாணம் முடித்து, மூன்று வீட்டு வாசல்களில் பூமரம் வைத்தேன். மூன்றையும் விட்டுவிட்டு ஓடினேன். 2009 இல் செட்டிகுளம் முகாம். அடுத்த வருடம் நுவரெலியாவில் தம்பியின் லயத்துக்கு வந்து சேர்ந்தேன்.

"மதினி, வாசல் சும்மாதானே கெடக்குது, ரெண்டு பூச்செடி வைங்களேன்" என்றாள் தம்பி மனைவி.

"எதுக்கு? விட்டுட்டுப் போகவா?" என்று கேட்டேன். அவள் பிறகு அதைப்பற்றிப் பேசவில்லை.

அந்த மார்கழியில், பங்களாத் தோட்டத்தில் முன்பு வேலை செய்த ஒரு தாத்தா, காய்ந்த பொப்பிக் காய்கள் இரண்டைத் தந்தார். உள்ளே தூசி போன்ற விதை. பால்மா டின்களில் மண் நிரப்பி விதைத்தேன். டின்னில் வளர்த்தால் தூக்கிக்கொண்டு போகலாம் அல்லவா? இடம்பெயர்ந்து பழகியவர்களுக்கு இது விளங்கும். நாற்று நன்றாக வந்தது. டின் சிறிதாகிப் போகவே பிடுங்கிப் பெரிய வாளிக்கு மாற்றினேன். ஒரு கிழமைக்குள் அத்தனையும் வாடிப் போயின.

தாத்தா வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது பிடுங்கி நட்டா வராதும்மா. நிக்கப் போற எடத்துலயே போடணும்."

உண்மைதான். பொப்பிக்கு ஆழமாக இறங்கும் ஒற்றை ஆணிவேர். அதை அசைத்தால் செடி பிழைப்பது அரிது. மறுவருடம் வாசல் மண்ணிலேயே விதைத்தேன். விதைத்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

குளிர்ப் பிரதேசச் சகோதரிகளுக்காக முறையைச் சொல்கிறேன். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம். தை, மாசி விடியற்காலைகளில் உறைபனி விழுந்து பள்ளத்துத் தேயிலை கருகுவதை நாம் பார்க்கிறோம். பொப்பி குளிருக்குப் பழகிய இனம். இலேசான பனியைத் தாங்கும். தண்ணீர் தேங்கினால்தான் அழுகிவிடும். ஆகவே மார்கழிக் கடைசியிலோ தைமாதத்திலோ, மழை குறையும்போது விதையுங்கள். வைகாசியில் தென்மேற்குப் பருவமழை இறங்குமுன் பூத்துவிடும்.

அரைநாளாவது வெயில் படும் மேட்டு இடம் பாருங்கள். முள்ளுக்குத்தி மண்ணைப் பொலபொலப்பாக்கி, களை எடுங்கள். தேயிலை மண் புளிப்பு மண். இரண்டு கைப்பிடி அடுப்புச் சாம்பல் கலந்தால் சற்றுச் சரியாகும். எருவை அள்ளிப் போடாதீர்கள், இலைதான் கொழுக்கும். ஒரு தேக்கரண்டி விதையை ஒரு கோப்பை காய்ந்த மணலோடு கலந்து தூவி, உள்ளங்கையால் அழுத்திவிடுங்கள். மண் போட்டு மூட வேண்டாம். முளைக்க வெளிச்சம் வேண்டும். தண்ணீரைத் தெளிக்கவே வேண்டும், ஊற்றக் கூடாது. இரண்டு, மூன்று கிழமைகளில் முளைக்கும். ஒரு சாண் இடைவெளி வரும்படி மிச்சத்தைக் கிள்ளி எடுங்கள். மனம் வராதுதான். எடுக்காவிட்டால் எல்லாமே நலிந்துவிடும்.

ஒரு பூ இரண்டு, மூன்று நாள்தான் நிற்கும். வாடியதைக் கிள்ளினால் புதிய மொட்டு வரும். கடைசியில் நாலைந்து காய்களை முற்ற விடுங்கள். காய் காய்ந்ததும் மூடிக்குக் கீழே சிறு துளைகள் திறக்கும். கடதாசியில் தட்டி எடுத்து ஈரம் படாமல் வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை. அபின் எடுக்கும் கசகசாச் செடியும் இந்தக் குடும்பம்தான். அதை வளர்ப்பது இலங்கைச் சட்டப்படி குற்றம். கடையில் வாங்கும் கறிக் கசகசாவை மண்ணில் தூவிப் பார்க்காதீர்கள். பூவுக்கென்று விற்கும் வயற்பொப்பி அல்லது ஐஸ்லாந்துப் பொப்பி விதையையே கேட்டு வாங்குங்கள். வயற்பொப்பியின் தண்டில் மெல்லிய முடி இருக்கும். இலை வெட்டு வெட்டாக இருக்கும். பிள்ளைகள் வாயில் வைக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பூவுக்கும் யுத்தத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. வயற்பொப்பி விதை மண்ணுக்குள் பல வருடங்கள் தூங்கும்; மண் கிளறப்பட்டு வெளிச்சம் பட்டால் எழும்பும். 1914 முதல் 1918 வரை நடந்த முதலாம் உலகப் போரில் பெல்ஜியத்திலும் வடபிரான்சிலும் ஷெல் விழுந்து கிளறிய நிலமெல்லாம் பொப்பி பூத்தது. அதனால்தான் நவம்பர் 11 இல் இறந்த படையினரை நினைத்துப் பொப்பி அணிகிறார்கள். அக்கால இலங்கையிலும் விற்றார்கள். பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியாவுக்கே போகிறது என்று 1931 இல் எதிர்ப்புக் கிளம்பி, அதற்குப் பதிலாகப் பூவரசம்பூ விற்கப்பட்டது. அதுவே சூரியமல் இயக்கம். 1933 இல் அதன் தலைமையை ஏற்றவர் டொரீன் யங் என்ற ஆங்கிலேயப் பெண் ஆசிரியை. 1934-35 மலேரியா பரவியபோது அந்த இயக்கத்தினர் கிராமங்களில் உதவி செய்தார்கள்.

வன்னியிலும் மட்டக்களப்பிலும் வாசிக்கும் சகோதரிகளே, உங்கள் வெயிலுக்குப் பொப்பி சரிவராது. மழைக்காலத்தில் காசித்தும்பை போடுங்கள். அதன் காயும் வெடித்துத் தன் விதையைத் தானே தூவும். வேலியோரத்தில் ஒரு பூவரசங்கம்பு ஊன்றினாலும் வேர்விடும்.

பிடுங்கி நட்டால் பொப்பி பிழைக்காது. நாமோ எத்தனை தரம் பிடுங்கப்பட்டோம், பிழைத்துத்தானே இருக்கிறோம்! இந்த ஒரு விடயத்தில் பொப்பியை விட நாம் கெட்டி. ஆனாலும் அதனிடமிருந்து ஒன்று கற்றேன். போக நேரும் என்ற பயத்தில் எல்லாவற்றையும் டின்னிலேயே வைத்திருந்தால் எதுவும் பூக்காது.

இந்த வாசல் மண் இன்றும் எங்கள் பெயரில் இல்லை. உறுதி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் இப்போது நான் விதைப்பதில்லை; மார்கழியில் மண்ணைக் கிளறிவிட்டால் போன வருடம் கொட்டியவை தாமாக முளைக்கின்றன. தம்பி மனைவி காய்களைப் பொறுக்கி அடுத்த லயங்களுக்குக் கொடுத்து அனுப்புகிறாள்.

உங்கள் வாசலில் என்ன பூத்திருக்கிறது என்று எழுதுங்கள். அடுத்த மாதம் மாட்டெருவை மக்கவைக்கும் முறையோடு சந்திப்போம்.