கல்லூரி இருக்கிறது, கம்யூனிட்டி எங்கே?

கம்யூனிட்டி காலேஜ் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், "எந்த கம்யூனிட்டிக்காரங்க நடத்துறது?" என்று ஃபோனில் கேட்டார் என் சித்தப்பா. அவர் மேல் தப்பில்லை. நம்ம ஊரில் கம்யூனிட்டி என்றால் தாசில்தார் கையெழுத்துப் போட்டுத் தரும் சர்டிபிகேட்தானே! அரசாங்கத் தமிழில் இதற்குச் சமுதாயக் கல்லூரி என்று பெயர். அக்கம்பக்கத்துக் கல்லூரி என்று வைத்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

சரக்கு அமெரிக்காவுடையது. 1901ல் இல்லினாய் மாநிலம் ஜோலியட்டில் ஆரம்பித்தது. குறைந்த ஃபீஸ், இரண்டு வருடப் படிப்பு, பக்கத்து ஊர்க்காரர் யாரும் சேரலாம். இங்கே 1995ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் 1996ல் சென்னையில் கத்தோலிக்க மறைமாவட்டமும் தொடங்கின. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்களுக்குத் தொழிலும் தைரியமும் கற்றுக்கொடுக்கும் இடம் என்று இதை ஊர் ஊராகக் கொண்டு போனவர் சேவியர் அல்போன்ஸ் என்ற ஏசு சபைப் பாதிரியார். பிறகு 2009ல் இக்னோ, 2013ல் யூஜிசி என்று டெல்லியும் திட்டம் போட்டது. யூஜிசி திட்டத்தில் இது ஏற்கெனவே இருக்கிற கல்லூரிக்குள் இன்னொரு கோர்ஸாக உட்கார்ந்துகொண்டது. என் வருத்தம் அங்கேதான் தொடங்குகிறது.

டெக்ஸாஸில் அமரில்லோ காலேஜ் என்று ஒன்று. மாணவர்கள் ஏன் பாதியில் நிற்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்டிருக்கிறார்கள். கணக்குப் பாடம் கஷ்டம், வாத்தியார் சரியில்லை என்றெல்லாம் பதில் வரவில்லை. சாப்பாடு, வாடகை, பஸ், குழந்தையை யார் பார்த்துக்கொள்வது... இப்படித்தான் வந்தது. கல்லூரிக்குள்ளேயே மளிகை சாமான் எடுத்துக்கொள்ள ஓர் அறை, துணிமணி, சமூகப் பணியாளர், அவசரத்துக்குக் கைப்பணம் என்று ஏற்பாடு செய்தார்கள். படிப்பை முடிப்பவர்கள் கூடினார்கள். 2023ல் அந்நாட்டின் ஆஸ்பென் பரிசை இன்னொரு கல்லூரியோடு பகிர்ந்துகொண்டார்கள்.

"அதான் பேங்க் லோன் இருக்கே" என்பீர்கள். பேங்க்காரனே சொல்கிறேன், இவர்களுக்கு லோன் மருந்தல்ல. 2015ல் வந்த திறன் பயிற்சிக் கடன் 5,000 ரூபாயிலிருந்து ஒன்றரை லட்சம் வரை, ஜாமீன் சொத்து வேண்டாம். 2024ல் உச்சவரம்பை ஏழரை லட்சமாக்கினார்கள். பேப்பரில் எல்லாம் அழகு. ஆனால் 8,000 ரூபாய் கடனுக்கும் 8 லட்சம் கடனுக்கும் ஃபைல் வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான். மார்ச் மாதம் டார்கெட்டோடு மல்லுக்கட்டும் மேனேஜர் எதைக் கையில் எடுப்பார்? 2024ல் வந்த பிஎம் வித்யாலட்சுமியோ தரவரிசையில் தேறிய கல்வி நிறுவனங்களுக்கு. தையலும் ஏசி மெக்கானிக்கும் சொல்லித்தரும் கல்லூரியை அந்தப் பட்டியலில் தேடி என்ன பயன்?

பிரின்சிபால் மேஜை டிராயரில் இரண்டு லட்சம் இருக்கட்டும். பரீட்சை ஃபீஸ் 3,000 கட்ட முடியாமல் நிற்கும் பெண்ணுக்கு அன்றே கொடுக்கட்டும். 66 பேருக்கு வரும். வேலை கிடைத்தபின் பாதிப்பேர் திருப்பித் தந்தாலும் அடுத்த வருடம் 33 பேர். வட்டி, பாண்டு, என்பிஏ தலைவலி எதுவும் கிடையாது.

அக்கம்பக்கத்துக்கு என்ன செய்வது என்பதில் பி.காம். படித்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு பொறாமை உண்டு. அமெரிக்காவில் 1969லிருந்து வருமானம் குறைந்தவர்களுக்குத் தன்னார்வலர்கள் இலவசமாக வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். பல கம்யூனிட்டி காலேஜ்களில் அக்கவுண்டன்சி மாணவர்களே அதைச் செய்கிறார்கள். பையனுக்குப் பயிற்சி, பக்கத்துத் தெருக்காரருக்குக் காசு மிச்சம்.

நம் மாணவர்களுக்கு வரிக் கணக்கு வேண்டாம், பாஸ்புக் போதும். இங்கே நாக்பூரில் ஓர் அம்மா, கணவர் போய் ஒரு வருடம் கழித்து அவருடைய கணக்கை மூட வந்தார். மீதி நானூற்றுச் சொச்சம். பாஸ்புக்கைப் புரட்டினால் முந்தின மே மாதம் 436 ரூபாய் பிடித்திருக்கிறது. பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு, இரண்டு லட்சம்! "அது ஏதோ பேங்க் சார்ஜ்னு நெனச்சோம் சாஹேப்" என்றார். முப்பது நாளில் கேட்டிருக்கவேண்டிய பணம். தாமதத்துக்கு விளக்கக் கடிதம் வைத்து அனுப்பினோம், கிடைத்தது. ஆனால் அன்று கவுன்ட்டரில் கூட்டம் இருந்திருந்தால் கணக்கை மூடி 'நெக்ஸ்ட்' என்றிருப்போம்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம், காமர்ஸ் மாணவர்கள் பத்துப் பேர், கூட ஓர் ஆசிரியர். தெருவுக்கு ஒரு மேஜை. நாமினி பெயர் இருக்கிறதா, 436ம் விபத்துக் காப்பீட்டு 20ம் பிடிக்கிறார்களா, வீட்டில் இறந்தவர் கணக்கு ஏதும் கிடக்கிறதா என்று பார்த்துச் சொன்னால் போதும். (ஓடிபி, பின் நம்பர் பக்கமே போகக்கூடாது. இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.) பேங்க் மித்ரா இருக்கிறாரே என்றால், அவருக்குப் பணம் எடுக்க, போடக் கமிஷன் உண்டு. செத்தவர் பாஸ்புக்கைப் புரட்டக் கமிஷன் கிடையாது.

நடக்காத காரியம் என்று நான் நினைக்கவில்லை. 1982ல் தர்மஸ்தலா அருகே உஜிரேயில் ஒரு அறக்கட்டளையும் இரண்டு வங்கிகளும் சேர்ந்து சாப்பாடு போட்டு, தங்கவைத்து, இலவசமாகத் தொழில் பயிற்சி தந்தார்கள். பயிற்சி முடிந்த பிறகும் பின்தொடர்ந்தார்கள். அந்த மாதிரியில்தான் இன்று மாவட்டத்துக்கு ஒன்றாக வங்கிகளே ஆர்செட்டி நடத்துகின்றன.

கல்லூரிக்காரர்கள் கேட்பது வேறு: "இதுக்கு நாக்கில் மார்க் உண்டா சார்?" உண்டு. விரிவாக்கப் பணி என்று ஒரு தலைப்பே இருக்கிறது. இப்போது அதற்கு பேனர் பிடித்து, விளக்குமாற்றோடு ஃபோட்டோ எடுத்து அனுப்புகிறார்கள். அந்த பேனருக்குப் பின்னால் ஒரு மேஜையும் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

உங்கள் ஊரில் எந்தக் கல்லூரியாவது இப்படிச் செய்தால் பெயரோடு சொல்லுங்கள். லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்து வருகிறேன்.