பாகம் பிரியாத வீடு

மிஷன் வீதிக்கும் காந்தி வீதிக்கும் நடுவே ஒரு குறுக்கு வீதியில் பழைய மாடி வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வீதியின் பெயரைச் சொன்னால் வீட்டுக்காரர்கள் யாரென்று உங்களுக்குத் தெரிந்துவிடும் என்பதால் சொல்லவில்லை. கீழே தாழ்வாரம், திண்ணை, ரேழி, முற்றம் என்று முழுக்கத் தமிழ் வீடு. மாடியில் வளைவு வைத்த சன்னல், சுவரோடு ஒட்டிய தூண், கைப்பிடிச் சுவரில் பூவேலை என்று பிரெஞ்சுக்காரன் பாணி. நம்ம ஊருக்கே உரிய கலப்பு.

புரோக்கர்கள் வருகிறார்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை குழி என்பதுதான். மனை எவ்வளவு என்று தெரிந்தால் போதும். மேலே நிற்கிற கட்டடம் அவர்கள் கணக்கில் இடிக்கிற செலவு.

அந்த வீட்டில் ஒரு காலத்தில் ஆறு குடித்தனம் இருந்தது. முன்கட்டில் வீட்டுக்காரர். மாடியில் சைகோனிலிருந்து பென்ஷனோடு திரும்பிய சொல்தா ஒருவர். அடுத்த கட்டில் மாதா கோயில் காலைப் பூசையைத் தவறவிடாத வாத்தியார். அவருக்கு எதிர் அறையில் காரைக்காலிலிருந்து வந்த முஸ்லிம் ஜவுளி வியாபாரி. பின்கட்டில் இரண்டு சிறிய குடும்பங்கள். கிணறு ஒன்று. யார் எத்தனை மணிக்கு நீர் இறைப்பது என்பதற்கு எழுதாத அட்டவணை இருந்தது. அதில் சண்டை வந்தால் சொல்தாதான் நடுவர். இதை ரொம்பவும் பெருமையாகப் பாட வேண்டியதில்லை. எந்த ஜாதிக்கு முன்கட்டு, எந்த ஜாதிக்குப் பின்கட்டு, எந்த ஜாதிக்கு வாசற்படியே கிடையாது என்பதும் எழுதாத சட்டமாகத்தான் இருந்தது. இருந்தாலும், மூன்று மதத்துக்காரர்கள் ஒரே முற்றத்தில் துணி உலர்த்தினார்கள். இன்றைய அடுக்குமாடிக் குடியிருப்பில் எதிர்க்கதவுக்காரர் பெயர் தெரிவதில்லை.

இந்த வீட்டைப் பற்றி ஊரில் இரண்டு அபிப்பிராயம். ஓட்டல்காரர் வாங்கினால் கட்டடமாவது தப்பும் என்பது ஒன்று. அரசாங்கம் எடுத்துக் காப்பாற்ற வேண்டும் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டிலும் முழுச் சம்மதம் இல்லை. ஓட்டல்காரர் சுவரைக் காப்பாற்றுவார், குடித்தனத்தை அல்ல. திண்ணையில் நாற்காலி போட்டுக் காபிக்கு விலைப்பட்டியல் வைத்தால் அது வேறு இடம். அரசாங்கத்தைப் பற்றிச் சொல்வதென்றால், கடற்கரையில் இருந்த நம் மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் என்ன ஆனது என்று எல்லோரும் பார்த்தோம். தன் கட்டடத்தையே விழவிட்ட அரசாங்கம் நம் வீட்டைத் தாங்கிப் பிடிக்கும் என்று காத்திருக்க முடியாது.

இந்த மாதிரி வீடுகளை விழ வைப்பது பாகம் பிரிக்காத சொத்துரிமை என்பது என் கருத்து. நிலம், பட்டா, வாரிசு என்ற காகிதங்களுக்கு நடுவிலேயே முப்பது வருஷத்துக்கு மேல் உத்தியோகம் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

தாத்தா கட்டிய வீடு. அவருக்குப் பிள்ளைகள் ஐந்து பேர். 1962 ஆகஸ்ட் 16-க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள், நினைவிருக்கும். அண்ணன் பிரெஞ்சுக்காரர் ஆனார், தம்பி இந்தியராகவே இருந்தார். இன்று பேரப்பிள்ளைகள் பாரிஸில் சிலர், ரெயூனியனில் சிலர், சென்னையில் சிலர். ஒருவருடைய பெயர் எத்தா சிவில் பதிவில் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் இருக்கும். அவருடைய தம்பியின் ரேஷன் கார்டில் அதே குடும்பப் பெயர் ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருக்கும். இரண்டும் ஒரே குடும்பம் என்று நிரூபிக்கவே வருஷக்கணக்கு ஆகும். அதற்குள் ஒரு பங்குதாரர் காலமாகிவிடுவார்; அவர் பங்கு நான்காக உடையும்.

இதற்கிடையில் வீடு சும்மா இருப்பதில்லை. கைப்பிடிச் சுவரில் ஓர் அரசங்கன்று முளைக்கும். அதன் வேர் சுண்ணாம்புக் காரையைப் பிளக்கும். மெட்ராஸ் ஒட்டுத் தளத்துக்குள் மழைநீர் இறங்கும். மர உத்தரத்தின் நுனி சுவருக்குள் புதைந்திருப்பதால், அது இற்றுப்போவது வெளியே தெரியாது. யாராவது அவசரத்துக்குச் சிமெண்ட் பூசுவார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் உள்ளேயே பொரியும். கடற்கரை ஊரில் உப்பும் சேர்ந்துகொள்ளும். அந்தக் கன்று கட்டைவிரல் உயரத்தில் இருந்தபோதே பிடுங்கியிருந்தால் செலவு ஒரு ஆளின் அரைநாள் கூலி. பங்குதாரர்கள் பதினோரு பேர் இருக்கும்போது அந்த அரைக்கூலியை யார் கொடுப்பது? குடித்தனக்காரர், பழைய வாடகையில் நாளை இருப்போமோ இல்லையோ என்று கை வைக்க மாட்டார். வீட்டுக்காரரும் அந்த வாடகையில் என்ன செய்ய முடியும் என்பார். எல்லோர் பக்கமும் நியாயம் இருக்கிறது. வீட்டின் பக்கம்தான் யாரும் இல்லை.

பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் 815-ஆம் பிரிவு ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்கிறது. பாகம் பிரிக்காமல் சேர்ந்தே இருக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. நாமோ அம்மா இருக்கிறவரை அந்தப் பேச்சை எடுக்காதே என்போம்; அம்மா போன பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம். பழைய புதுச்சேரி இந்து வழக்கப்படி சொத்தில் தகப்பனாருக்கே முழு அதிகாரம். பிள்ளைக்குப் பிறப்பால் பங்கு கிடையாது. அதாவது நம் தகப்பனார்கள் நொத்தேரிடம் போய் ஒரு காகிதத்தில் முடித்திருக்கலாம். பலர் செய்யவில்லை. மரணத்தைப் பற்றிப் பேச அவர்களுக்குக் கூச்சம்.

இதைப் படிப்பவர்களில் பலர் என் வயதுக்காரர்கள். இப்படி ஒரு வீட்டில் பங்குள்ளவர்களும் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் சொல்கிறேன். கைகால் நன்றாக இருக்கும்போதே வக்கீலைப் பார்த்து உயிலோ பாகப்பத்திரமோ எழுதிவிடுங்கள். பிள்ளைகளின் பெயர் எல்லாப் பத்திரத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் இருக்கும்போதே திருத்துங்கள். விற்பதென்று முடிவானால், வீடு நிற்கும்போதே விற்றுவிடுங்கள். அப்போதுதான் அதில் குடியிருக்க நினைப்பவர் வாங்க வருவார். இடிந்த பிறகு மனைக்காரர் மட்டும்தான் வருவார். வெளியே போர்டு மாட்டுவதற்கு முன்னால், உள்ளே இருக்கும் குடித்தனக்காரர்களை ஒருமுறை கேளுங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கக்கூடும். முடியாவிட்டாலும், வேறு இடம் பார்க்க அவர்களுக்கு அவகாசம் கிடைக்கும்.

குடித்தனக்காரர்தானே என்று நினைக்க வேண்டாம். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் இன்று காட்சியகமாக இருக்கிற வீட்டுக்கு அந்தப் பெருமை வந்தது அதைக் கட்டியவரால் அல்ல. 1908 முதல் பத்து வருஷம் இந்த ஊரில் வாடகைக்கு இருந்த பாரதியாரால் வந்தது.

நம் வீதிகளுக்குக் கட்டடம் மட்டும் மிஞ்சினால் போதாது. காலையில் வாசல் தெளிக்க ஓர் ஆள் இருக்க வேண்டும். அதற்கு வேண்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் நாம்தான். நமக்கு இருக்கிற அவகாசமும் அதிகமில்லை.