ஏப்பம் வந்தால் செரித்ததாகாது

திண்டுக்கல்லில் மட்டன் பிரியாணி சாப்பிட்டு இலையை மூடியவர் அடுத்துத் தேடுவது சோடாவை. பேருந்து நிலையத்தைச் சுற்றியும் பேகம்பூரிலும் நாகல்நகரிலும் மதிய நேரத்தில் பார்த்தால் தெரியும்: கோலி சோடா, பன்னீர் சோடா, பொவண்டோ என்று ஆளுக்கொன்று கையில் இருக்கும். 1957-இல் நாகசாமி நாயுடு தொடங்கிய ஆனந்த விலாஸ், தலப்பாக்கட்டியாக வளர்ந்து இந்த ஊரின் சீரகச் சம்பா பிரியாணியை உலகறியச் செய்தது. பிரியாணியின் புகழோடு ஒட்டிக்கொண்டு ஒரு நம்பிக்கையும் வளர்ந்திருக்கிறது. “ஒரு சோடாவைக் குடிங்கண்ணே, கல்லைத் தின்னாலும் செரிச்சிரும்.” படித்தவர், படிக்காதவர் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள்.

இந்த நம்பிக்கை தவறானது. சில வேளைகளில் உயிரையே வாங்கக்கூடியது. ருசிக்காகச் சோடா குடிப்பவரோடு எனக்கு வழக்கு எதுவும் இல்லை. மருந்தென்று எண்ணிக் குடிப்பவரிடமும், குடிக்கச் சொல்பவரிடமும்தான் பேச வேண்டியிருக்கிறது.

கோலி சோடா பாட்டிலைக் கையில் எடுத்துப் பாருங்கள். கழுத்தின் உட்புறம் ஒரு ரப்பர் வளையம். உள்ளிருக்கும் கரியமில வாயு கோலியை மேலே தள்ளி அந்த வளையத்தில் இறுக்கி வைத்திருக்கிறது. வேறு மூடியே கிடையாது. ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1870களில் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. கோலியை அழுத்தியதும் ‘புஸ்’ஸென்று சீறுவது அந்த வாயுவில் ஒரு பகுதி. மிச்சம் தண்ணீரில் கரைந்தபடியே வயிற்றுக்குள் போகிறது. உடம்புச் சூட்டில் பிரிந்து, இரைப்பையை உப்பவைத்து, ஏப்பமாக வெளியேறுகிறது. ஏப்பம் வந்ததும் “அப்பாடா, செரிச்சிருச்சு” என்கிறோம். வெளியே வந்தது, சற்றுமுன் காசு கொடுத்து நாமே உள்ளே அனுப்பிய வாயு. பிரியாணி வயிற்றில் அப்படியேதான் இருக்கிறது.

கறியிலுள்ள புரதத்தை இரைப்பையின் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பெப்சின் என்ற நொதியும் உடைக்கத் தொடங்குகின்றன. கொழுப்பு பெரும்பாலும் சிறுகுடலில், பித்தநீராலும் கணையத்தின் நொதிகளாலும் செரிக்கிறது. நெய்யும் கறியும் சேர்ந்த சாப்பாடு இரைப்பையை விட்டு நகரவே சில மணி நேரம் ஆகும். இந்த வேலையில் எதையும் கரியமில வாயு செய்வதில்லை. சோடாவின் அமிலம் கறியைக் கரைக்கும் என்பாரும் உண்டு. இரைப்பை தானாகச் சுரக்கும் அமிலத்துக்கு முன்னால் சோடாவின் கார்பானிக் அமிலம் ஒன்றுமே இல்லை. வயிறு உப்பும்போது உணவுக்குழாயின் அடிவாயில் தளர்ந்து அமிலம் மேலேறவும் கூடும். நெஞ்சு கரிக்கிறதென்று சோடா குடிப்பவர் அந்தக் கரிப்பைக் கூட்டிக்கொள்கிறார்.

இந்த மருந்துப் பேச்சு, சோடா பிறந்த நாளிலேயே பிறந்தது. 1767-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், பீர் ஆலையின் புளிக்கும் தொட்டிக்கு மேல் தேங்கிய வாயுவைத் தண்ணீரில் கரைத்தார் ஜோசப் பிரீஸ்ட்லி. அது மாலுமிகளின் ஸ்கர்வி நோயைத் தீர்க்கும் என்று நம்பினார். வைட்டமின் சி குறைவால் வரும் நோய்க்கு வாயு நீர் என்ன செய்யும்? 1886-இல் அட்லாண்டாவின் மருந்தாளர் ஜான் பெம்பர்டன் தலைவலிக்கும் நரம்புத் தளர்ச்சிக்கும் நல்லதென்று சொல்லிக் கோகோ கோலாவை விற்றார். அமெரிக்காவின் வட கரோலினாவில் மருந்துக்கடை வைத்திருந்த கேலப் பிராடம் உருவாக்கிய பெப்சியை, செரிமானத்துக்கு உதவும் என்றே 1903-இல் விளம்பரம் செய்தார்கள். 1929-இல் வந்த செவன் அப் பானத்தில் பல ஆண்டுகள் லித்தியம் உப்பே கலந்திருந்தது. விற்றவர்கள் அந்தப் பேச்சை எப்போதோ விட்டுவிட்டார்கள். குடிக்கும் நாம்தான் விடவில்லை.

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பின் தமிழக வணிகர் சங்கங்கள் வெளிநாட்டுக் குளிர்பானங்களைப் புறக்கணித்தன. 1916-இல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் போன்ற நம் நிறுவனங்கள் அதனால் மறுபடி பேசப்பட்டன. அதில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் “நம்ம ஊர் கலர், உடம்புக்கு நல்லது” என்ற பேச்சும் கூடவே வந்தது. முதலாளி யாரானாலும் சர்க்கரை சர்க்கரைதான். 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. ஒரு நாள் முழுவதற்கும் சுமார் 25 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல். வீட்டுக்கு வீடு சர்க்கரை நோயாளி இருக்கும் காலத்தில் இதை மருந்தென்று நீட்டலாமா?

“குடிச்சா நல்லாத்தானே இருக்கு?” என்று கேட்பீர்கள். வாயு வெளியேறும்போது வயிறு லேசான உணர்வு வருவது உண்மை. 2002-இல் இத்தாலியின் நேப்பிள்ஸில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், அஜீரணமும் மலச்சிக்கலும் இருந்த சிலருக்கு வாயு கலந்த நீர் ஓரளவு ஆறுதல் தந்தது. அவர்கள் குடித்தது சர்க்கரையில்லாத நீர்; அதுவும் நாள் கணக்கில். வயிறு முட்டத் தின்றுவிட்டு ஒரு பன்னீர் சோடாவை ஊற்றிக்கொள்வதற்கு அந்த ஆய்வு சாட்சி ஆகாது.

வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்குக் கலர் வாங்கிக் கொடுப்பது இன்னும் மோசம். ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். கரைசலில் 13.5 கிராம் குளுக்கோஸும் தேவையான உப்புகளும் இருக்கின்றன. ஒரு லிட்டர் கோலாவில் சர்க்கரை மட்டும் 100 கிராமுக்கு மேல், உப்போ பெயரளவுக்குத்தான். அவ்வளவு சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து நெஞ்சு வலியில் இருக்கிறது. ராத்திரி விருந்து முடிந்து ஒருவர் நெஞ்சில் பாரமாக இருக்கிறது என்கிறார், வியர்க்கிறது, இடது கை குடைகிறது. “கேஸ்தான், ஒரு சோடா குடி” என்கிறார் பக்கத்தில் இருப்பவர். குடித்ததும் ஏப்பம் வருகிறது, கொஞ்சம் இறங்கினாற்போல் இருக்கிறது, படுத்துவிடுகிறார். அது மாரடைப்பாக இருந்தால், அடைபட்ட ரத்தக் குழாயை நம்பியிருக்கும் இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கும். அடைப்பை நீக்கும் சிகிச்சை முதல் சில மணி நேரத்தில்தான் முழுப்பலன் தரும். சர்க்கரை நோயாளிக்குக் கடுமையான வலிகூட இல்லாமல் வெறும் வயிற்று மந்தமாகவே மாரடைப்பு வரலாம். சோடாவை நம்பி இழக்கும் ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்காது.

தமிழக அரசு 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்புக்கான முதலுதவி மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே தரப்படுகின்றன. திண்டுக்கல்லிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இத்தனை வசதி இருந்தும் நம் கை முதலில் சோடா பாட்டிலுக்குப் போவது வெட்கக்கேடு.

ருசிக்குக் குடியுங்கள், அளவாகக் குடியுங்கள். அதிகம் சாப்பிட்டுவிட்டால் உடனே படுக்காமல் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வாருங்கள். நெஞ்சில் பாரமும் வியர்வையும் சேர்ந்து வந்தால் சோடாக் கடையைத் தேடாதீர்கள், 108-ஐ அழையுங்கள். பக்கத்தில் இருப்பவர் “கேஸ்தான்” என்று சொன்னால், அதை ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும் என்று பதில் சொல்லுங்கள்.