யாவ் மிங்கின் இடது பாதம்

பாஸ்கெட்பால் பார்க்கறவங்க கண்ணுல அடிக்கடி படற வீடியோ ஒண்ணு இருக்கு. 2009 மே மாசம், லாஸ் ஏஞ்சலஸ். ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியோட சீன வீரர் யாவ் மிங், கோபி பிரையன்ட் மேல மோதி முழங்கால்ல அடிபட்டு நொண்டிக்கிட்டே வெளியே போவார். ரூமுக்குப் போகாம பாதி வழியிலேயே திரும்பி வந்து ஆடுவார். 28 பாயின்ட்டோட முடிப்பார், டீமும் ஜெயிக்கும். கீழே கமென்ட் எல்லாம் ஒரே மாதிரி: வீரன்னா இவன்தான், வலியைத் தாங்கறவன்தான் ஜெயிப்பான்.

அதே தொடர்ல மூணாவது மேட்ச்ல என்ன ஆச்சுன்னு யாரும் வீடியோ போடறதில்லை. இடது பாதத்து எலும்புல விரிசல். அதுக்கப்புறம் அவர் என்.பி.ஏ.ல ஆடினது மொத்தமே 5 மேட்ச்தான். 2011 ஜூலையில ஓய்வு அறிவிச்சப்போ அவருக்கு வயசு 30.

முழங்கால்ல பட்ட அடியாலதான் பாதம் போச்சுன்னு நான் சொல்லல. பாதத்தோட கதை அதுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சது. அதைத்தான் சொல்ல வந்தேன். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

யாவ் மிங் ஷாங்காய்க்காரர். உயரம் 2.29 மீட்டர், அதாவது ஏழரை அடி. எடை கிட்டத்தட்ட 140 கிலோ. 2002-ல என்.பி.ஏ. டிராஃப்ட்ல முதல் ஆளா ஹூஸ்டன் எடுத்தாங்க. அவரை அமெரிக்கா அனுப்ப சீனத் தரப்பு போட்ட நிபந்தனைகள்ல ஒண்ணு, தேசிய அணி கூப்பிடறப்போ வந்து ஆடணும்கிறது. கேட்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா காலண்டரை எடுத்துப் பாருங்க. என்.பி.ஏ. சீசன்ல ஒரு டீமுக்கு 82 மேட்ச், அக்டோபர் கடைசியில இருந்து ஏப்ரல் வரைக்கும். மத்த வீரர்கள் ஓய்வெடுக்கற கோடையில இவர் சீனாவுக்கு ஆடணும். 2002-ல உலகப் போட்டி, உடனே பூசான் ஆசிய விளையாட்டு. 2003-ல ஆசியப் போட்டி. 2004-ல ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ். 2005-ல மறுபடி ஆசியப் போட்டி.

முதல் மூணு சீசன்ல 246 மேட்ச்ல அவர் ஆடாதது ரெண்டே ரெண்டு. எல்லாரும் இரும்பு மனுஷன்னு பாராட்டினாங்க. எனக்கு அந்த நம்பரைப் பார்த்தாலே பயமா இருக்கு.

ஏன்னு சொல்றேன். எலும்புங்கறது கான்கிரீட் தூண் இல்லீங்க, உயிருள்ள திசு. நாம ஓடும்போதும் குதிக்கும்போதும் அதுல கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் விழுந்துக்கிட்டே இருக்கும். உடம்பு அதைச் சரி பண்ற விதம் விசித்திரமானது. பழுதான இடத்தை முதல்ல அரிச்சு எடுக்கும், அதுக்கு ரெண்டு மூணு வாரம். அப்புறம்தான் புது எலும்பால நிரப்பும், அதுக்கு ஏறக்குறைய மூணு மாசம். ரோடு போடறவங்க பழைய தாரைச் சுரண்டிப் போட்டுட்டுப் போவாங்க இல்லையா, அந்த மாதிரி நடுவுல ஒரு காலகட்டத்துல எலும்பு முன்னைவிட பலவீனமா இருக்கும். அந்த நேரத்துல மேல மேல பாரம் ஏத்தினா நுண்விரிசல் பெரிய விரிசலாகும். இதுதான் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர். கீழே விழ வேண்டாம், யாரும் மோத வேண்டாம், ஓய்வு கிடைக்கலைன்னாலே போதும்.

யாவுக்கு 2008-ல உடைஞ்சது நேவிக்குலர்ங்கற எலும்பு. பாதத்தோட உள்வளைவின் உச்சியில, கல் வளைவுல நடுக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும். பாரம் முழுக்க அது வழியா இறங்கும். ஆனா அதோட நடுப்பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைவு. ரத்தம் குறைஞ்ச எலும்பு லேசுல கூடாது.

இப்போ வரிசையைப் பாருங்க. 2005 டிசம்பர்ல இடது பெருவிரல் எலும்புல கிருமித்தொற்று, ஆபரேஷன். 2006 ஏப்ரல்ல இடது பாதம் உடைஞ்சது. நாலே மாசத்துல, ஆகஸ்ட்ல, ஜப்பான்ல உலகப் போட்டி ஆடினார். டிசம்பர்ல வலது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. 2008 பிப்ரவரி கடைசியில இந்த நேவிக்குலர். மார்ச்ல ஸ்க்ரூ வெச்சு ஆபரேஷன், ஜூலையில மறுபடி களத்துல, ஆகஸ்ட்ல பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ்.

அந்த ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவுல சீனக் கொடியைத் தூக்கிட்டு வந்தவர் அவர்தான். பக்கத்துல சிச்சுவான் நிலநடுக்கத்துல தப்பிச்ச ஒன்பது வயசுப் பையன். உலகமே நெகிழ்ந்துபோன காட்சி. இந்த ஒலிம்பிக்ஸை விட்டா அது தன் ஆட்ட வாழ்க்கையிலேயே பெரிய இழப்புன்னு காயம்பட்ட உடனே அவரே சொல்லியிருந்தார். சொந்த நாட்டுல ஒலிம்பிக்ஸ், அந்த ஆசை நியாயமானது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல.

ஆனா நோயாளி ஆசைப்படறார்ங்கறதும் எலும்பு தயாரா இருக்குங்கறதும் வேற வேற. கிளப் சம்பளம் கொடுக்குது, அதுக்கு அவர் குளிர்காலத்துல வேணும். நாட்டுக்குக் கோடையில வேணும். ரெண்டு பேருமே தங்கள் பங்கு நாளைத்தான் எண்ணினாங்க. ரெண்டையும் கூட்டி மொத்தம் எத்தனை நாள் இந்தக் கால் மேல பாரம் விழுதுன்னு கணக்கு வெச்சு, 'இந்த வருஷம் வேண்டாம்'னு சொல்ற அதிகாரம் யார் கையிலயும் இல்லை. என் வருத்தம் அங்கதான்.

ஒலிம்பிக்ஸ் முடிஞ்ச கையோட அடுத்த சீசன்ல 77 மேட்ச். சரியாயிடுச்சுன்னு எல்லாரும் நம்பினாங்க. அந்த சீசனோட முடிவுலதான் நாம முதல்ல பார்த்த வீடியோவும், அந்த விரிசலும். பிறகு எலும்பு ஒட்டு வெச்சு, பாதத்தோட வளைவையே தாழ்த்தி ஒரு பெரிய ஆபரேஷன். ஒரு முழு சீசன் போச்சு. திரும்பி வந்தப்போ ஒரு மேட்ச்சுக்கு 24 நிமிஷம்தான்னு கட்டுப்பாடு வெச்சாங்க. இந்தக் கட்டுப்பாடு 2004-லயே வந்திருக்கணும்.

'ஏழரை அடி மனுஷனுக்கு எப்படியும் கால் போயிருக்கும் டாக்டர்'னு சிலர் சொல்வீங்க. பாதி உண்மை. உயரமும் எடையும் பெரிய காரணங்கள்தான். ஓய்வு கிடைச்சிருந்தா கண்டிப்பா நாற்பது வயசு வரை ஆடியிருப்பார்னு நான் சத்தியம் பண்ண முடியாது.

ஆனா லிதுவேனியாக்காரர் ஷிட்ரூனாஸ் இல்கௌஸ்காஸை எடுத்துக்கங்க. 2.21 மீட்டர் உயரம். அவரும் வெளிநாட்டுல இருந்து வந்து கிளீவ்லாந்துக்கு ஆடினவர், அவருக்கும் பாதம் திரும்பத் திரும்ப உடைஞ்சது. 1998-99 சீசன்ல 5 மேட்ச், அடுத்த சீசன் பூஜ்யம், அதுக்கடுத்தது 24. ஆள் முடிஞ்சார்னே நினைச்சாங்க. பாத அமைப்பையே மாத்தி ஆபரேஷன் பண்ணி, பொறுமையா காத்திருந்து வந்தார். அதுக்கப்புறம் பத்து சீசன் ஆடினார், ரெண்டு தடவை ஆல்-ஸ்டார். பாஸ்கெட்பாலை மதமா நினைக்கற நாட்டுல பிறந்தும் ஒரு ஒலிம்பிக்ஸ்லகூட அவர் ஆடினதில்லை. ரெண்டு பேரை வெச்சு மருத்துவ முடிவுக்கு வர முடியாதுதான். ஆனா உயரம் மட்டுமே தலையெழுத்து இல்லைன்னு காட்ட இவர் ஒருத்தர் போதும்.

இதை அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.ல உட்கார்ந்திருக்கற நான் ஏன் எழுதறேன்? போலீஸ், ராணுவ செலக்‌ஷன் நெருங்கினா முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பைப் பிடிச்சுக்கிட்டுப் பசங்க வருவாங்க. மூணு மாசம் சும்மா இருந்துட்டு, நோட்டீஸ் வந்ததும் தினம் காலையும் மாலையும் ரோட்டுல ஓடியிருப்பாங்க. கேக்கறது ஒண்ணுதான்: 'சார், ஒரு ஊசி போட்டு விடுங்க, ரன்னிங் முடிஞ்சதும் ரெஸ்ட் எடுத்துக்கறேன்.' போன்ல அந்த யாவ் வீடியோ மாதிரி பத்து வீடியோ இருக்கும்.

ஊசி வலியை மறைக்கும், விரிசலை ஒட்டாது. முதல் ரெண்டு மூணு வாரம் எக்ஸ்ரேல ஒண்ணுமே தெரியாமப் போகலாம். 'எக்ஸ்ரே நார்மல்'னா எலும்பு நார்மல்னு அர்த்தம் இல்லை. சந்தேகம் இருந்தா எம்.ஆர்.ஐ. தேவைப்படும்.

ஓட ஆரம்பிச்சா வலிக்குது, நிறுத்தினா குறையுது, நாள் ஆக ஆக நடந்தாலே வலிக்குது, விரலால அழுத்தினா எலும்புல ஒரே ஒரு புள்ளியில சுள்ளுனு இருக்கு. இப்படி இருந்தா அன்னிக்கே ஓட்டத்தை நிறுத்திட்டு எலும்பு டாக்டரைப் பாருங்க. கால் எலும்புன்னா பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு வாரம் ஓட்டம் கூடாது. அந்த நாள்ல நீச்சலோ சைக்கிளோ செய்யலாமான்னு அவர்கிட்டயே கேளுங்க. பாதத்தின் உள்வளைவுக்கு மேலே வலிச்சா இன்னும் உஷார். அது நேவிக்குலரா இருந்தா ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டு, காலைத் தரையிலேயே ஊணாம இருக்கணும். செலக்‌ஷன் தேதி அதுக்குள்ள வந்தா, அடுத்த செலக்‌ஷனுக்குப் போங்க.