சிறுநீரை அடக்கப் பழக்குவதும் சாதிதான்

அக்கா மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். காலையில் அவள் பையில் வைத்து அனுப்பும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் மாலையில் ஏறக்குறைய நிறைந்தபடியே வீடு திரும்புகிறது. போன மாதம் வரதராஜன்பேட்டைக்குப் போயிருந்தபோதுதான் இதைக் கவனித்தேன். "ஏன் பாப்பா தண்ணியே குடிக்கல?" என்று கேட்டேன். "குடிச்சா ஒண்ணுக்கு வரும்ல சித்தி" என்றாள்.

அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. அவள் வயதில் நானும் இதே கணக்கைப் போட்டவள்தான். அதற்கு என் உடல் என்ன விலை கொடுத்தது என்று புரிய இருபது வருடங்கள் ஆகிவிட்டன.

எங்கள் வட்டாரம் முழுக்கச் செம்மண்ணும் முந்திரியும்தான். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் கழிப்பறை கிடையாது. விடியும் முன்னும் இருட்டிய பின்னும் பெண்கள் கூட்டமாக முந்திரிக்கொல்லைக்குப் போவோம். கொல்லை எங்களுடையது அல்ல. பங்குனி, சித்திரையில் கொட்டை விழும் காலத்தில் காவல் பலமாக இருக்கும். பகலில் கூலிக்குக் கொட்டை பொறுக்க எங்கள் அம்மாக்கள் வேண்டும். அதே அம்மாக்கள் மாலையில் ஒதுங்கப் போனால் கொட்டை திருட வந்தவர்கள் ஆகிவிடுவார்கள். எனவே அந்த மாதங்களில் கட்டுப்பாடு கூடும். "பொழுது சாயுறதுக்கு முன்னாடி தண்ணி குடிக்காதடி" என்று பெரியம்மா சொல்வார். எங்களுக்குக் கிடைத்த முதல் சுகாதாரக் கல்வி அது.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். பெரியம்மா மகளும் நானும் வெளிச்சம் இருக்கும்போதே போய்விட்டோம், அவளால் அடக்க முடியவில்லை. கொல்லைக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு "எழுந்திரிங்கடி" என்றார். பாதியில் எழுந்தோம். கால் வழியாக ஓடியது. எந்தத் தெரு, யார் மகள் என்று கேட்டார். பதில் வந்ததும் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார். பிறகு அந்த இடத்தை எங்கள் கையாலேயே மண்ணள்ளி மூடச் சொல்லி, மூடி முடிக்கும்வரை வண்டியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அடிக்கவில்லை. வீட்டில் சொன்னபோது அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வெளியில சொல்லாதீங்க" என்றார்.

அப்பாவைக் குறை சொல்ல முடியாது. சொல்லியிருந்தாலும் போக இடமில்லை. நாங்கள் கிறித்தவர்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை முதலில் இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதி என்று ஏற்றது. 1956ல் சீக்கியர்களும் 1990ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவ தலித்துகள் இன்றுவரை வெளியேதான். தமிழ்நாட்டில் எங்கள் சான்றிதழில் பிற்படுத்தப்பட்டோர் என்று இருக்கும். கொல்லைக்காரருக்கு எங்கள் சாதி துல்லியமாகத் தெரிந்திருந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குத்தான் தெரியாது.

அன்றிலிருந்து அடக்கப் பழகினேன். காலையில் போனால் மறுபடி இரவில்தான். பள்ளியில் கழிப்பறை இருந்தது, சாவி ஆசிரியரிடம் இருந்தது. எங்கள் தெருப் பிள்ளைகள் சாவி கேட்டால் கூடவே வாளியும் துடைப்பமும் வரும். கேட்காமல் இருப்பதே மேல். இதெல்லாம் அந்தக் காலம் என்று யாராவது சொல்வார்கள். 2022ல் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே பாலக்கரை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்த புகாரில் தலைமை ஆசிரியர் கைதானார். கழிவறை என்றாலே கழுவச் சொல்வார்கள் என்று கற்றுக்கொண்ட பிள்ளை, அந்தப் பக்கம் எப்படிப் போகும்?

கல்லூரி விடுதிக்குப் போனபிறகுதான் நோய் வெளியே தெரிந்தது. விடுதியில் கதவும் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை இருந்தது. அங்கே போய்தான் ஒரு நாளைக்கு இருபது முறை எழுந்து ஓட ஆரம்பித்தேன். இரவில் ஐந்து முறை. அடிவயிற்றில் ஒரு வலி, போய் வந்தால் சற்றுக் குறையும், அரைமணியில் திரும்பும். உட்கார்ந்தாலோ, உடனே வராது. குழாயைத் திறந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நீர்க்கடுப்பு, உடம்புச் சூடு என்று அம்மா இளநீர் கொடுத்தார், வெந்தயம் ஊறவைத்தார், தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தார். மருத்துவர்கள் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். யூரின் கல்ச்சரில் கிருமி இல்லை என்று வந்தபிறகும் கொடுத்தார்கள். எட்டு வருடங்கள் இப்படிப் போயின. கடைசியில் ஒருவர் ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "உனக்கு ஒண்ணுமில்லம்மா, மனசுதான். கல்யாணம் ஆனா சரியாகிடும்" என்றார்.

வேறொரு ஊரில் ஒரு பெண் சிறுநீரகவியல் மருத்துவர்தான் முதன்முறையாகக் கேட்டார்: "சின்ன வயசுல டாய்லெட்டுக்கு எங்க போவீங்க?" நான் அழுதுவிட்டேன். ஒவ்வொரு முறையும் எவ்வளவு போகிறது என்று மூன்று நாட்கள் அளந்து எழுதச் சொன்னார். வளர்ந்தவர்களின் சிறுநீர்ப்பை சாதாரணமாக 300 முதல் 500 மில்லி வரை தாங்கும். எனக்கு 80 மில்லியிலேயே அவசரம் வந்துகொண்டிருந்தது.

அவர் விளக்கியதை எளிமையாகச் சொல்கிறேன். சிறுநீர் கழிக்க வேண்டுமானால் இடுப்பின் அடித்தளத்தில் உள்ள தசைகள் தளர வேண்டும். பயத்தில் உடல் அந்தத் தசைகளை இறுக்கும். வருடக்கணக்கில் இறுக்கியே பழகியவருக்குப் பயம் போனபிறகும் அவை தளர்வதில்லை. பை முழுதாகக் காலியாகாது. நரம்புகள் கூர்மையாகி, கொஞ்சம் சேர்ந்ததுமே நிறைந்துவிட்டதாக மூளைக்குச் சொல்லும். பதற்றம் இதைக் கூட்டும், வலி பதற்றத்தைக் கூட்டும். கிருமியே இல்லாமல் எரிச்சலும் வலியும் வருடக்கணக்கில் நீடிப்பது இப்படியும் நடக்கலாம்.

ஆய்வாளர் என்பதால் அதன்பிறகு தேடிப் படித்தேன். 1973ல் சயன்ஸ் இதழில் எலிகளைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. இரண்டு ஆண் சுண்டெலிகளை ஒரே கூண்டில் விட்டு, சிறுநீர்த் தடத்தைப் புற ஊதா வெளிச்சத்தில் பார்த்தார்கள். ஆதிக்கம் செலுத்தும் எலி கூண்டு முழுக்கச் சிறுநீர் தெளித்திருந்தது. அடங்கிய எலி மூலைகளில் மட்டும் ஒதுங்கியிருந்தது. 2009ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் இன்னும் ஆழமாகப் போனார்கள். முரட்டு எலியின் கூண்டில் தினமும் கொஞ்ச நேரம் விடப்பட்ட சுண்டெலிகள் சில வாரங்களில் சிறுநீரைத் தேக்கத் தொடங்கின, பை பெருத்தது, அதன் சுவரே மாறிப்போனது. மூளைத்தண்டில் சிறுநீர் கழிப்பை இயக்கும் இடத்தில், மன அழுத்தத்தோடு தொடர்புடைய வேதிப்பொருள் கூடியிருந்தது. எலியை வைத்து மனிதரைப் பற்றி முடிவு சொல்லக்கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கட்டுரையை நூலகத்தில் உட்கார்ந்து படித்தபோது எனக்கு முந்திரிக்கொல்லைதான் நினைவுக்கு வந்தது. ஊரில் எந்தச் சுவரோரமும் வண்டியை நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் யார், மூலை தேடுகிறவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

மனிதர்களிடமும் சான்றுகள் இருக்கின்றன. பாஸ்டன் நகரில் 5,500க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில், வாழ்வில் வன்முறைக்கு ஆளானவர்களிடம் அடிக்கடி சிறுநீர் போவதும் அவசரமும் கூடுதலாக இருந்தது தெரியவந்தது. ஒடிசாவில் பெண்களிடம் நடந்து 2015ல் வெளியான ஆய்வு, ஒதுங்கப் போவதைச் சுற்றியே தனியாக ஒரு மன அழுத்தம் இருப்பதைப் பதிவு செய்தது. இடம், இருட்டு, ஆண்களின் பார்வை, வீட்டாரின் கட்டுப்பாடு எல்லாம் அதில் இருக்கின்றன. வீட்டில் கழிப்பறை வந்தால் மட்டும் இது தீர்ந்துவிடாது என்று அடுத்து வந்த ஆய்வும் சொன்னது. விடுதியில் என் கதையும் அதுதான்.

2019 செப்டம்பர் 25 அன்று மத்தியப் பிரதேசத்தின் பாவ்கேடி கிராமத்தில், வெளியில் ஒதுங்கிய இரண்டு தலித் குழந்தைகளை அடித்தே கொன்றார்கள். ஒருத்திக்கு 12 வயது, மற்றவனுக்கு 10. சரியாக ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 2 அன்று, கிராமப்புற இந்தியா திறந்தவெளிக் கழிப்பிடம் அற்றதாகிவிட்டதாகப் பிரதமர் அறிவித்தார். வீட்டுக்கு 12,000 ரூபாய் என்று கணக்கு எழுதும் திட்டத்துக்கு, அந்தக் குழந்தைகளின் தெருவில் வளர்கிற மற்றப் பிள்ளைகளின் உடல் என்ன பாடம் கற்கும் என்று எழுத ஒரு பத்திகூட இல்லை.

இதைச் சொன்னால் தோழர்கள் சிலர் தயங்குகிறார்கள். "மன அழுத்தம்னு நாமளே சொன்னா, டாக்டருங்க மனசுதான்னு அனுப்பிவிட்டுருவாங்களே" என்று ஒரு தோழி கேட்டார். நியாயமான பயம். ஆனால் "மனசுதான்" என்ற மருத்துவரும், கிருமி இல்லை என்று தெரிந்தும் மாத்திரை எழுதிய மருத்துவர்களும் செய்தது ஒரே தவறு. மருந்து கேட்கும் நோய் உடலில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது நோயே அல்ல என்று நினைத்தார்கள். பயம் தசையை இறுக்குவது கற்பனை அல்ல. அதைச் சோதித்துப் பார்க்க முடியும், சிகிச்சையும் இருக்கிறது. காய்ச்சலோ, சிறுநீரில் ரத்தமோ, சர்க்கரை நோயோ, கர்ப்பமோ இருந்தால் முதலில் அதைப் பார்த்தே ஆக வேண்டும், கிருமித்தொற்றுக்கு மருந்தும் வேண்டும். கிருமி இல்லை என்று ஆனபிறகு கேட்க வேண்டிய கேள்விகளைத்தான் யாரும் கேட்பதில்லை.

எனக்குக் கிடைத்த சிகிச்சை எளிது. தசைகளைத் தளர்த்தும் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, கடிகாரம் பார்த்துப் போகும் இடைவெளியை மெல்ல மெல்லக் கூட்டுவது, ஓர் உளவியல் ஆலோசகரிடம் அந்த மாலையைப் பற்றிப் பேசுவது. யூடியூபைப் பார்த்துத் தசையை இறுக்கும் பயிற்சியை நானே செய்து வலியை அதிகமாக்கிக்கொண்ட காலமும் உண்டு. ஏற்கெனவே இறுகியிருப்பவருக்கு அது ஆகாது. இப்போது இரவில் ஒருமுறைதான் எழுகிறேன். முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

இந்தச் சிகிச்சை எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் ஆய்வு உதவித்தொகை, பெரிய நகரம், ஆங்கிலம். இன்றும் பொழுது சாயும் முன் தண்ணீர் குடிக்காத பெரியம்மாவுக்கு இதில் எதுவும் இல்லை. அரியலூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதன் அரங்கத்துக்கு எங்கள் மாவட்டத்தின் குழுமூர் அனிதாவின் பெயரை வைத்திருக்கிறார்கள். இடுப்புத்தளத் தசைகளுக்குப் பயிற்சி தரும் ஒரு பிசியோதெரபிஸ்டும், "எங்க ஒதுங்குவீங்க, அங்க யாருக்குப் பயப்படுவீங்க" என்ற கேள்வி அச்சிட்ட புறநோயாளி படிவமும் ஒவ்வொரு மாவட்ட அரசு மருத்துவமனையிலும் வேண்டும் என்று கேட்பது பெரிய செலவுள்ள கோரிக்கை அல்ல.

அரசிடம் கேட்கும் முன் நம்மிடமே ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. மஹத் குளத்தில் 1927ல் நடந்த தண்ணீர்ப் போராட்டத்தைப் பேசாத கூட்டம் நம்மிடம் இல்லை. காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலை வரை நடக்கும் நம் ஆர்ப்பாட்டங்களிலும் கருத்தரங்குகளிலும் பெண் தோழர்கள் மேடையில் வைத்த தண்ணீர் பாட்டிலைத் திறக்காமலே பேசி முடிக்கிறார்கள். நானும் அப்படிப் பேசியிருக்கிறேன். ஆண் தோழர்கள் பந்தலுக்குப் பின்னால் போய் வந்துவிடுகிறார்கள். பந்தல், ஒலிபெருக்கி, போஸ்டர், காவல்துறை அனுமதி என்று பட்டியல் போடும் நம் ஏற்பாட்டுக் குழுக்களில் பெண்கள் எங்கே போவார்கள் என்ற வரியை நான் இதுவரை பார்த்ததில்லை. அடுத்த கூட்டத்துக்கு என்னைப் பேச அழைப்பவர்களிடம் முதலில் அதைத்தான் கேட்கப்போகிறேன்.

பாப்பாவின் பள்ளிக்கு அக்காவும் நானும் போய் வந்தோம். இடைவேளையில் சாவி கேட்காமலே கழிப்பறை திறந்திருக்கும் என்றார்கள். அக்காவிடம் தினமும் மாலை போனில் கேட்கிறேன். நேற்று பாட்டிலில் பாதி இருந்ததாம்.