மேல் போர்ஷன்தான் அவர்களின் பென்ஷன்

பதிவு கொஞ்சம் நீளம். கோபம் வந்தாலும் கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன், இப்போது அவனுக்கே நாற்பது வயது இருக்கும், சென்ற வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் அனுப்பினான். "கீழ்க்கட்டளையில் தனி வீடு விற்பனைக்கு. ஒரு கிரவுண்டு. கீழே இரண்டு பெட்ரூம், மேலே இரண்டு பெட்ரூம், வெளியே மாடிப்படி, தனித்தனி இ.பி. மீட்டர். வரப்போகும் மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடந்தே போகலாம்." அதற்கடுத்து: "டீச்சர், அப்பா சம்மதிக்க மாட்டேன் என்கிறார். நீங்கள் சொன்னால் கேட்பார்."

அப்பா சம்மதிப்பதற்கு முன்பே விளம்பரம் தயாராகிவிட்டது. கவனித்தீர்களா?

நான் அவரிடம் பேசப் போவதில்லை. ஏன் என்று இங்கேயே எழுதுகிறேன். இதே கோரிக்கையோடு இன்னும் நாலைந்து பேர், நம் சொந்தக்காரர்கள் உட்பட, என்னிடம் வந்திருக்கிறீர்கள். எல்லோருக்கும் சேர்த்து இதுதான் பதில்.

முதலில், இந்த இரண்டு போர்ஷன் வீடுகள் எப்படி வந்தன என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? நம் பக்கம் பாதி வீடுகளுக்கு ஒரே கதைதான். பி.எஃப். பணம், அம்மாவின் நகை, கொஞ்சம் கடன். கீழே மட்டும் கட்டிக் குடிவந்தார்கள். மொட்டை மாடியில் பில்லர் கம்பி வருஷக்கணக்கில் நீட்டிக்கொண்டு நின்றது. "பையனுக்குக் கல்யாணம் ஆனால் மேலே கட்டிக் கொடுக்கணும்" என்பார்கள். கட்டினார்கள். பையன் பெங்களூருக்குப் போனான், இல்லையென்றால் அமெரிக்காவுக்குப் போனான். மேல் வீட்டுக்கு வாடகைக் குடித்தனம் வந்தது. அந்த வாடகையில்தான் இன்று பல வீடுகளில் மளிகையும் மருந்தும் வாங்குகிறார்கள்.

எனக்கு அரசு ஓய்வூதியம் வருகிறது. தனியார் கம்பெனியில் முப்பது வருஷம் உழைத்த உங்கள் அப்பாவுக்கு என்ன வருகிறது என்று கேட்டிருக்கிறீர்களா? பி.எஃப். அலுவலகம் தரும் பென்ஷனுக்குக் குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய் என்று 2014இல் நிர்ணயித்தார்கள். அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வாங்குகிறவர்களுக்கும் அது மருந்துக் கடைக்கே போதாது. மேல் போர்ஷன்தான் அவர்களுடைய உண்மையான பென்ஷன். மாதம் பிறந்தால் அது வந்துவிடும், எந்தப் பிள்ளையிடமும் கேட்க வேண்டியதில்லை. அந்த மரியாதைக்கு விலை போட முடியுமா?

சரி, விலையே போடுவோம். ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

வீடு 1 கோடியே 50 லட்சத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று பிள்ளைகள். ஆளுக்கு 50 லட்சம். வகுத்தாயிற்று, மீதி பூஜ்யம். அப்பா அம்மாவின் பங்கு எங்கே? நான் கேட்ட எல்லாக் குடும்பத்திலும் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள். பெற்றோர் பெயர் வகுத்தியிலும் இல்லை, ஈவிலும் இல்லை. "அவர்களை நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்று வாயால் சொல்கிறார்கள். அதாவது பெரியவன் வீட்டில் நாலு மாதம், சின்னவன் வீட்டில் நாலு மாதம், பெண் வீட்டில் நாலு மாதம். சொந்த வீட்டில் கேட்டைத் திறந்து பால் பாக்கெட் எடுத்தவர்கள், எழுபது வயதில் ஒரு பெட்டியோடு அலைய வேண்டும்.

"பில்டருக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் ஃபிளாட் கிடைக்குமே டீச்சர்" என்பான் இன்னொருவன். அதையும் போடுவோம். 2019இல் வந்த கட்டட விதிகளில் தளப்பரப்புக் குறியீட்டை 1.5இலிருந்து 2 ஆக உயர்த்தினார்கள். அதிலிருந்துதான் பழைய தனி வீடுகளின் மேல் எல்லோருக்கும் இத்தனை ஆசை. 2,400 சதுர அடி மனையில் ஆறு ஃபிளாட், பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு மூன்று. மூன்று பிள்ளைகளுக்கு ஒவ்வொன்று. மறுபடியும் மீதி பூஜ்யம்! முழு கிரவுண்டு வைத்திருந்த குடும்பத்துக்கு ஆளுக்கு 400 சதுர அடி யு.டி.எஸ். மிஞ்சும். இரண்டு குடும்பம் இறைத்த நிலத்தடி நீரை ஆறு குடும்பம் இறைக்கும். தெரு முழுக்க இப்படியே ஆனால் கோடையில் லாரித் தண்ணீருக்கு நிற்கப் போவது நாம்தான்.

"மெட்ரோ வருகிறது, இப்போது விற்காமல் எப்போது விற்பது?" மெட்ரோ வருவது உண்மைதான். மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரை போகும் ஐந்தாவது வழித்தடம் நம் ஊர் வழியாகத்தான் போகிறது. மேடவாக்கம் மெயின் ரோட்டில் தூசி தின்றவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டாம். பக்கத்தில் துரைப்பாக்கம் ரேடியல் ரோடு, அதில் ஐ.டி. கம்பெனிகள். தள்ளுவண்டி நின்ற இடத்தில் இப்போது காபி ஷாப். ஊர் 'டிரெண்டி' ஆகிவிட்டது என்கிறீர்கள். அப்படியானால் மேல் வீடு காலியாகவே கிடக்காது, வாடகையும் ஏறும். நீங்கள் விற்கச் சொல்லும் அதே காரணம், வைத்துக்கொள்வதற்கும் நல்ல காரணம். மெட்ரோவுக்காகத் தூசி தின்ற பெரியவர்கள், அது ஓடும்போது இங்கே இருக்கக் கூடாதா?

"வெள்ளம் வருகிற ஊர்" என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். மழைநீர் நம் ஏரி நிரம்பி, நாராயணபுரம் ஏரிக்குப் போய், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போக வேண்டும். வழியை அடைத்தால் வீட்டுக்குள் வரத்தான் செய்யும். அதை மாநகராட்சியிடம் கேட்போம். 2021இலிருந்து நாம் தாம்பரம் மாநகராட்சி, வரி கட்டுகிறோம், கேட்க உரிமை உண்டு. ஆனால் 2015 டிசம்பரில் எங்கள் தெருவில் கீழ் வீட்டுக்காரர்கள் எங்கே போய்ப் படுத்தார்கள்? மேல் வீட்டில். வாடகைக்கு இருந்தவர்கள்தான் வீட்டுக்காரப் பெரியவரைக் கைத்தாங்கலாகப் படியேற்றிக் கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள். வெளிநாட்டிலிருந்த பிள்ளைக்கு அன்றைக்கு ஃபோன்கூடக் கிடைக்கவில்லை. மேலே ஒரு குடும்பம் இருப்பது வாடகைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள்.

"குடித்தனக்காரர் தொல்லை" என்பது சில இடங்களில் நியாயமான பயம். அதற்கும் வழி இருக்கிறது. புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிய வேண்டும் என்கிறது. வீட்டை விற்க புரோக்கரோடு அலையும் நேரத்தில் பாதியைச் செலவழித்து, அப்பாவுக்கு அந்த ஒப்பந்தத்தைப் போட்டுக் கொடுங்கள்.

அடுத்தது சட்டம். அப்பாவோ அம்மாவோ சுயமாகச் சம்பாதித்து வாங்கிய வீட்டில், அவர்கள் உயிரோடு இருக்கும்வரை பிள்ளைகளுக்குப் பங்கு கேட்கும் உரிமை கிடையாது. "என் ஷேரைக் கொடு" என்று சண்டை போடும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பெண்ணுக்கு நகை போட்டாயிற்று, பங்கு இல்லை என்று சொல்லும் அண்ணன் தம்பிகளே, உயில் இல்லாமல் அப்பா காலமானால் அம்மாவும் மகளும் மகன்களும் சமபங்கு என்கிறது இந்து வாரிசுரிமைச் சட்டம்.

என் வயதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பாசத்தில் வீட்டைத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்காதீர்கள். கொடுத்தே தீர வேண்டுமென்றால், எங்களைக் கடைசி வரை பராமரிக்க வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆவது பிரிவின்படி, அந்த நிபந்தனையை மீறினால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். உயில் எழுதுவது அதைவிட நல்லது. வீடு கடைசி வரை உங்கள் பெயரிலேயே இருக்கும்.

விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மருத்துவச் செலவு வரலாம். படி ஏற முடியாமல், துணை போய்த் தனியாகி, "எனக்கு இந்த வீடு வேண்டாம்" என்று அவர்களே சொல்லலாம். அப்போது தாராளமாக விற்கட்டும். ஆனால் பணம் அவர்கள் பெயரில் வங்கியில் இருக்க வேண்டும். அடுத்து எங்கே தங்குவது என்று அவர்களே முடிவு செய்ய வேண்டும். பிள்ளைகளின் ஃபிளாட் கடனை அடைக்க விற்பதும் பெற்றோரின் தேவைக்கு விற்பதும் ஒன்றாகாது.

வீட்டைக் கட்டிப் பார் என்று சும்மா சொல்லவில்லை. கட்டிப் பார்த்தவர்கள் இன்னும் அதில் குடியிருக்கிறார்கள். அவர்களிடம் கையெழுத்து வாங்கித் தரச் சொல்லி இனி யாரும் எனக்கு மெசேஜ் அனுப்ப வேண்டாம். லீவுக்கு ஊருக்கு வரும்போது மேல் போர்ஷனுக்கு வெள்ளையடித்துக் கொடுங்கள், ஒழுகும் தளத்தைச் சரி பாருங்கள், படிக்குக் கைப்பிடி போட்டுக் கொடுங்கள். அதற்கு ஆள் வேண்டுமென்றால் கேளுங்கள், நல்ல கொத்தனார் நம்பர் என்னிடம் இருக்கிறது.

எல்லோரும் நன்றாக இருங்கள்.

உங்கள் டீச்சர்
கீழ்க்கட்டளை